ஓட வைப்பதற்கு முன் நிற்க வையுங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. அன்று வர முடியாதவர்களுக்காக எழுத்து வடிவில்.)



நம் கீழ்த்தள பார்க்கிங்கில் கவர் போட்டு நிற்கும் கார்களை நீங்கள் தினமும் கடந்து போகிறீர்கள். அதில் ஒன்று உங்களுடையதாகவும் இருக்கலாம். அனேகமாக அது ஒரு மாருதி 800. அப்பா ஆசையாக வாங்கியது, அல்லது சிப்காட்டில் வேலை நிரந்தரமானதும் நீங்களே கடன் போட்டு வாங்கியது. விற்க மனசில்லை, எடுத்து ஓட்ட நேரமில்லை. ஐந்து, பத்து வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

பார்க்கிங் இடம் கேட்டு சங்கத்துக்குக் கடிதம் வரும்போதெல்லாம் இந்த வண்டிகளைப் பற்றிப் பேச்சு வருகிறது. "ஒரு பேட்டரி போட்டா ஓடிடும் சார்" என்று யாராவது ஒருவர் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். பல நேரம் ஓடிவிடும். ஆபத்தே அங்குதான். வண்டி ஓடுமா என்று எல்லோரும் பார்க்கிறோம், நிற்குமா என்று பார்ப்பதில்லை. நம் கீழ்த்தளத்திலிருந்து வெளியே வர ஒரு சரிவு ஏற வேண்டும். அந்தச் சரிவில்தான் சாயங்காலம் பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள்.

ஏன் இந்த மெனக்கெடல்?

மாருதியின் முதல் காரின் சாவியை 1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில் ஹர்பால் சிங் என்பவரிடம் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். அவர் அந்த வண்டியை விற்கவில்லை. 2010இல் அவர் இறந்த பிறகு அது வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்று துருப்பிடித்தது. பிற்பாடு அந்த நிறுவனமே அதைச் சரிசெய்து தன் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு வைத்தது. வரலாற்றில் இடம்பிடித்த வண்டிக்கே அந்த நிலைமை என்றால், நம் அப்பாக்களின் வண்டிகள் எம்மாத்திரம்?

இருந்தாலும் நம் வண்டிகளுக்குச் சில வசதிகள் உண்டு. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. ஆனால் அதே 796 சி.சி., மூன்று சிலிண்டர் இன்ஜின் ஆம்னி வேனிலும் இருந்தது. ஆம்னி 2019 வரை வந்தது. அதனால் இன்ஜின் சாமான்கள் கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. பெங்களூரு ஜே.சி. ரோடு நமக்கு 40 கிலோமீட்டர்தான். அங்கே கிடைக்காத பழைய பாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது. பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குத் தேடல் இன்னும் நீளும்.

ஓசூருக்கென்று இன்னொரு வசதியும் உண்டு. தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. பிரேக் டிரம் கடைசல், உடைந்த பிராக்கெட், தேய்ந்த புஷ் எல்லாம் இங்கே ஒரே நாளில் முடியும். ஒரு எச்சரிக்கை மட்டும்: பிரேக் ஹோஸ், பிரேக் ரப்பர்கள், ஸ்டீயரிங் பாகங்களைப் புதிதாகவே வாங்குங்கள். அவற்றில் கைவேலை வேண்டாம்.

முதல் நாள்: சாவியைத் தொடாதீர்கள்

பானட்டைத் திறந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் எலிக்கூடு இருக்கும். ஒயர்களைக் கடித்திருக்கும். காப்பர் வெளியே தெரியும் ஒயரில் புது பேட்டரியின் மின்சாரம் பாய்ந்தால் தீப்பிடிக்கும். காலி மனைகள் பக்கத்தில் இருக்கும் நம் பகுதியில், இருக்கைக்கு அடியில் கை விடும் முன் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும்.

பழைய பேட்டரியைக் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள். பக்கத்து வண்டியிலிருந்து ஜம்ப் கொடுப்பது, நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது இரண்டும் இப்போது வேண்டாம்.

இரண்டாவது வேலை பிரேக்

பெரும்பாலான மெக்கானிக்குகள் இதைக் கடைசியில் வைப்பார்கள். நீங்கள் முதலில் கேளுங்கள். காரணம் எளிது: பிரேக் வேலையை வண்டி நிற்கும் இடத்திலேயே செய்யலாம், அது முடியாமல் வண்டியை நகர்த்தக் கூடாது. மாருதி 800 சின்ன வண்டிதான், ஆனாலும் சுமார் 650 கிலோ. சரிவில் பின்னோக்கி உருண்டால் நாலு பேர் பிடித்து நிறுத்த முடியாது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த ஈரம் மாஸ்டர் சிலிண்டரையும் வீல் சிலிண்டர்களையும் உள்ளே அரித்திருக்கும். ரப்பர் வாஷர்கள் இறுகிப்போயிருக்கும். மிதித்துப் பார்த்தால் பெடல் கெட்டியாகத்தான் இருக்கும். பத்தாவது மிதியில் ரப்பர் கிழிந்து பெடல் தரைக்குப் போகும். நம் ஊரிலிருந்து சேலம் போகிற வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. அந்த இறக்கத்தில் பிரேக் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே: நான்கு சக்கரமும் கழற்றப்பட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு வைக்க வேண்டும். சிலிண்டர் கிட், பிரேக் ஹோஸ், பின்பக்கம் ஷூ, முன்பக்கம் பேடு புதிதாக. பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, டப்பாவின் மூடியில் குறிப்பிட்டிருக்கும் வகையையே ஊற்றி, காற்று எடுக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டபடியே நிறுத்தியிருந்தால் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். இழுத்துப் பிடுங்காமல் டிரம்மைச் சுற்றி மெதுவாகத் தட்டி விடுவிக்கச் சொல்லுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2314 என்றால் 2014ஆம் வருஷம் 23ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் பத்து வருஷ டயர் வெடிக்கும் டயர்தான். வண்டியை வெளியே தள்ள மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் வேலை கீழ்த்தளத்தில் கூடவே கூடாது

இதைச் சங்கத்தின் சார்பில் வேண்டுகோளாகவே வைக்கிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, தாழ்வான மூலையில் தேங்கும். நம் கீழ்த்தளத்தில் பம்பு மோட்டாரும் லிஃப்டின் குழியும் அங்கேதான் இருக்கின்றன. ஒரு சுவிட்சின் பொறி போதும். எனவே வண்டியைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்த பிறகே டேங்கைத் தொட வேண்டும். சரிவில் ஏற்றும்போது கயிறு கட்டி இழுங்கள். ஒருவர் பின்சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைத்துக்கொண்டே பக்கவாட்டில் வரட்டும். வண்டிக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

பழைய பெட்ரோல் வார்னிஷ் வாசனை அடிக்கும். அது காய்ந்து கார்புரேட்டரின் ஜெட் துளைகளைப் பசைபோல் அடைத்திருக்கும். டேங்கை முழுக்க இறக்கிக் கழுவுங்கள். "புது பெட்ரோல் அஞ்சு லிட்டர் ஊத்தினா சரியாயிடும்" என்பது சரியல்ல. பழையதன் துரு புதியதோடு சேர்ந்து மேலே வரும்.

இன்னொன்று. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். 1990களின் வண்டிகளில் உள்ள ரப்பர் குழாய்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறும், வெடிக்கும், சூடான இன்ஜின் மேல் சொட்டும். எத்தனால் ஈரத்தையும் இழுத்து டேங்கின் அடியில் துரு பிடிக்க வைக்கும். ஆகவே டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் குழாயையும், பெட்ரோல் பம்பின் டயஃப்ரமையும் இ20 தாங்கும் வகையில் மாற்றுங்கள். செலவு குறைவு, தவிர்க்கும் விபத்து பெரிது. இனி வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கில் பெட்ரோலை அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

இன்ஜினைக் கையால் எழுப்புங்கள்

மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு இரவு விடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு, இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் பக்கமே மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் நல்ல செய்தி. இறுகியிருந்தால் பலம் காட்டாதீர்கள். இன்னும் இரண்டு நாள் ஊறட்டும். பிஸ்டன் ரிங் துருவால் ஒட்டியிருக்கும்போது ஸ்டார்ட்டரை அடித்தால், ஒரு பாட்டில் ஆயிலில் முடியும் வேலை போர் வேலையாகிவிடும்.

டைமிங் பெல்ட் ரப்பர். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வயசாகும். மாற்றிவிடுங்கள். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், கூலன்ட், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாவற்றையும் ஸ்டார்ட் பண்ணும் முன் மாற்ற வேண்டும், பிறகு அல்ல. ரேடியேட்டர் மின்விசிறி சுற்றுகிறதா என்று நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பாருங்கள்.

பிறகு புது பேட்டரி. பிளக் இல்லாமலே விட்டுவிட்டு சுற்ற விடுங்கள். ஆயில் விளக்கு அணையும் வரை பிளக்கைப் போட வேண்டாம். விளக்கு அணைந்தால் ஆயில் மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகே பிளக், பிறகே சாவி. பக்கத்தில் ஒருவர் தீயணைப்பானோடு நிற்கட்டும். கிளம்பியதும் ஆக்சிலேட்டரை முறுக்காமல் இருபது நிமிஷம் ஐடிலில் விட்டு, சூட்டையும் கசிவையும் பாருங்கள். ஆரம்பத்தில் புகை வரும், நீங்கள் ஊற்றிய ஆயில்தான் அது. நிற்காமல் வந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கியர் விழவில்லையா? கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கும். அதுவும் சரியாகக்கூடியதுதான், பயப்பட வேண்டாம்.

சாலைக்கு முன் காகிதம்

இந்தியா முழுக்க 15 வருஷ வண்டி ஓடக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். பெட்ரோல் வண்டிக்கு அந்தத் தடை டெல்லி சுற்றுவட்டாரத்துக்குப் போட்டது. இங்கே, தகுதிச் சோதனையில் தேறினால் ஆர்.சி.யை ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். படிவம் 25. காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. 2025 ஆகஸ்டு அறிவிப்பின்படி 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000. காலதாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் தனி, பசுமை வரியும் உண்டு. பல வருஷம் தாமதம் என்றால் இதுவே பெரிய தொகை. பட்டறைக்குப் பணம் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் பரிவாகன் தளத்தில் போட்டுப் பாருங்கள்.

வண்டி காலமான அப்பா பெயரிலேயே இருக்கிறதா? முதலில் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். இறந்த 30 நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. பல வீடுகளில் இது விட்டுப்போயிருக்கும். இனியும் தள்ளிப்போட்டால் சான்றுகள் தேடுவது கடினமாகும்.

எல்லை ஊர் என்பதால் நம்மிடம் கே.ஏ. எண் வண்டிகளும் நிறைய. ஒரு மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கே புது எண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒருமுறை அலைந்தே ஆக வேண்டும்.

காப்பீடு இல்லாமல் சாலையில் ஒரு அடி கூட வைக்காதீர்கள். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 2,000 ரூபாய். அதைவிட, யாரையாவது இடித்துவிட்டால் இழப்பீடு முழுதும் உங்கள் தலையில். சோதனைக்குக் கொண்டுபோவதானாலும் காப்பீடு எடுத்த பிறகே.

முதல் ஓட்டம் நம் வளாகத்துக்குள், நடை வேகத்தில். பத்து முறை பிரேக் அடித்துப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, பெடல் இறங்குகிறதா, சக்கரத்துக்கு அடியில் ஈரம் இருக்கிறதா? அடுத்து ஞாயிறு காலை சிப்காட் உள் சாலைகள். நெடுஞ்சாலைக்கு அவசரமில்லை.

வேண்டாம் என்ற முடிவும் நல்ல முடிவே

அடித்தட்டும் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களும் துருவால் உளுத்திருந்தால், வண்டியை விட்டுவிடுங்கள். சின்ன சுத்தியால் தட்டிப் பார்த்தாலே தெரியும். பதிவு பெற்ற கழிவு மையத்தில் கொடுத்து, சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். புது வண்டியின் வரியில் அது சலுகை தரும். காயலான் கடையில் கொடுத்துவிட்டு ஆர்.சி.யை ரத்து செய்யாமல் விடாதீர்கள். உங்கள் பெயரில் எண் உயிரோடு இருக்கும்வரை பொறுப்பும் உங்களுடையதே.

கவர் போட்டு நிற்கும் வண்டி எதுவாக இருந்தாலும், அடுத்த காலாண்டுக்குள் இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஓட்டுவது என்று முடிவு செய்தால், பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். ஜாக்கி ஸ்டாண்டும் தீயணைப்பானும் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. காவலரிடம் பெயர் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். சரிவில் ஏற்றும் அன்று முன்கூட்டியே வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுங்கள். பிள்ளைகளை அந்த ஒரு மணி நேரம் மேலே இருக்கச் சொல்வோம். கயிறு பிடிக்க நாங்கள் வருகிறோம்.