ஒளிமின் விளைவு: பாடத்துக்குப் பிறகு



பன்னிரண்டாம் வகுப்பில் ஒளிமின் விளைவு நடத்துகிறோம். ஐன்ஸ்டீன், 1905, ஒரு சமன்பாடு, நாலு கணக்கு, பாடம் முடிந்தது. அது பழைய கதை என்றே மாணவர்கள் நினைக்கிறார்கள். அந்தச் சமன்பாட்டை நம்பிக் கட்டிய ஒரு கருவியைப் பற்றிப் பேசுகிறேன்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் டயமண்ட் என்ற சிங்க்ரோட்ரான் இருக்கிறது. சுமார் 562 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடுகின்றன. காந்த வரிசை அவற்றை வளைத்து அசைக்கும்போது செறிவான ஒளி பிறக்கிறது. அந்த ஒளியை ஆய்வுப்பொருள்வரை கொண்டுசேர்க்கும் பாதைதான் பீம்லைன். மின்தடையே இல்லாத மீக்கடத்திகளை ஆராய உதவும் பீம்லைனின் பெயர் ஐ05.

இதற்கு வேண்டிய புறஊதா ஒளியைக் காற்றே விழுங்கிவிடும். அதனால் வளையத்திலிருந்து படிகம்வரை முழுவதும் வெற்றிடம். வெளிவரும் எலக்ட்ரான்களோ மேற்பரப்பின் சில அணு அடுக்குகளிலிருந்து வருபவை. மேலே வாயு படிந்தால் அளவீடு கெட்டது. ஆகவே படிகத்தின் மேல் சிறு குச்சி ஒன்றை ஒட்டி, வெற்றிடத்துக்குள்ளேயே தட்டிவிடுகிறார்கள். மேலடுக்கு பெயர்ந்து புதுப்பரப்பு கிடைக்கிறது. இத்தனை பெரிய கருவியில் கடைசி வேலை ஒரு தட்டு! வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைகின்றன. இணையைப் பிரிக்கத் தேவையான ஆற்றல், விழும் ஒளியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. பத்து டன் லாரியை எடைபோட்டு, அதில் பத்துக் கிலோ அரிசிப்பை இருக்கிறதா என்று சொல்வதுபோல. அதற்காகக் கீற்றணியால் ஒரே ஆற்றலுள்ள ஒளியைப் பிரித்தெடுக்கிறார்கள். திரவ ஹீலியத்தால் படிகத்தைக் குளிர்விக்கிறார்கள்.

நாம் இயக்க ஆற்றலோடு நின்றுவிடுகிறோம். அங்கே எலக்ட்ரான் வெளிவரும் கோணத்தையும் அளக்கிறார்கள். அதிலிருந்து படிகத்துக்குள் அதன் உந்தம் தெரிகிறது. 1993இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு காப்பர் ஆக்சைடு மீக்கடத்தியை இப்படி அளந்தபோது, அந்தப் பிரிக்கும் ஆற்றல் ஒரு திசையில் பெரிதாகவும், அதற்கு 45 பாகையில் ஏறக்குறைய சுழியாகவும் இருந்தது. ஈயம் போன்ற பழைய மீக்கடத்திகளில் இத்தகைய வேறுபாடு கிடையாது.

இந்த வகைப் பொருள்களை பெட்நார்ஸும் முல்லரும் 1986இல் கண்டறிந்தார்கள். இவ்வளவு உயர்ந்த வெப்பநிலையில் இவற்றில் மின்தடை ஏன் மறைகிறது என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விளக்கம் இன்னும் வரவில்லை. கரும்பலகையில் சமன்பாட்டின் கீழே அந்தக் கேள்வியையும் எழுதிவிட்டுத்தான் நான் கணக்குக்குப் போகிறேன்.