மூடாத நாளேடு: செல்போன் செய்திக்குப் பின்னால் நடப்பது என்ன?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பேங்க்ல இருந்தவர், பணம் சம்பந்தமா ஏதாவது பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நம் குடியிருப்பில் பாதி வீட்டுப் பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார்கள். என்ன வேலை என்று கேட்டால் சிலர் "டேட்டா பைப்லைன்" என்கிறார்கள். கோவில்பட்டிக்காரர்களுக்குப் பைப்லைன் என்றால் சீவலப்பேரிக் குடிநீர்க் குழாய்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்தப் பிள்ளைகளின் வேலைக்கும், நம் செல்போனில் வரும் "உங்கள் கணக்கில் பற்று" என்ற செய்திக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அது புரிந்தால் சில நேரங்களில் நம் பணம் தப்பும். அதனால்தான் இந்தத் தலைப்பு.

நான் பி.காம். படித்தவன், கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. எனக்குத் தெரிந்த கணக்குப் புத்தகத்தை வைத்தே சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எல்லாம் கையெழுத்துதான். பகல் முழுவதும் வவுச்சர்கள் சேரும். அவை பேரேட்டில் ஏறும். மாலையில் நாளேடு டேலி ஆன பிறகுதான் வீட்டுக்குப் போக முடியும். வங்கிகளில் இயந்திரங்களைக் கொண்டுவருவது பற்றி ரங்கராஜன் குழு 1984-ல் அறிக்கை கொடுத்த பின்பு மெல்ல மெல்லக் கம்ப்யூட்டர் வந்தது. வந்த பிறகும் பழக்கம் மாறவில்லை. பகலில் சேர்த்து வை, இரவில் மொத்தமாகப் போடு என்பதுதான் முறை.

இன்று அது முடியுமா? 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் யு.பி.ஐ. மூலம் நடந்த பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின. சராசரி போட்டால் வினாடிக்கு 7,400-க்கும் மேல். கடையில் கடலை மிட்டாய் வாங்கியவர் மாலை வரை நின்றுகொண்டிருக்க மாட்டார். நடந்தது நடந்த உடனே எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

இந்தச் சிக்கல் பெரிய நிறுவனங்களுக்கு முன்பே வந்துவிட்டது. வேலை தேடுகிறவர்கள் பயன்படுத்தும் லிங்க்ட்இன் நிறுவனத்தில் தகவல் பிறக்கும் இடங்கள் பல. அது வேண்டும் என்று கேட்கும் பிரிவுகளும் பல. தகவல் பிறக்கும் இடம் 5, கேட்கும் இடம் 6 என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழாய் போட்டால் 30 குழாய். ஒன்று உடைந்தால் எது உடைந்தது என்று தேடுவதே பெரும்பாடு. அங்கே வேலை பார்த்த ஜே கிரெப்ஸ், நேகா நார்கடே, ஜுன் ராவ் ஆகிய மூவரும் நடுவில் ஒரே ஒரு பொதுப் பதிவேட்டை வைத்தார்கள். எழுதுகிறவர்கள் 5 பேரும் அதில் எழுதட்டும்; வேண்டியவர்கள் 6 பேரும் அதிலிருந்து வாசிக்கட்டும். 30 குழாய்க்குப் பதில் 11 போதும். அந்த நேகா நார்கடே புனேயில் வளர்ந்த பெண் என்பது நமக்குப் பெருமை. அந்த மென்பொருளுக்குக் காஃப்கா என்று பெயர் வைத்தார்கள். எழுதுவதற்கென்றே செய்த ஏற்பாடு என்பதால் ஓர் எழுத்தாளர் பெயர் பொருந்தும் என்றாராம் கிரெப்ஸ். 2011-ல் அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். 2019-ல் லிங்க்ட்இன் ஒன்றில் மட்டும் ஒரு நாளைக்கு 7 லட்சம் கோடி செய்திகள் அதன் வழியே போயின.

இது எப்படி வேலை செய்கிறது? ஒரு கணக்கர் கண்ணுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

முதல் விதி: கடைசி வரிக்குக் கீழேதான் எழுத வேண்டும். நடுவில் நுழைக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. தப்பு நேர்ந்தால் எதிர்ப்பதிவு போட வேண்டும். நம் நாளேட்டுக்கும் இதே சட்டம்தானே!

இரண்டாவது: வாசிக்கிற ஒவ்வொருவருக்கும் தனி அடையாளச் சீட்டு உண்டு. "நான் 500-வது வரி வரை படித்துவிட்டேன்" என்று ஒருவர் குறித்துக்கொள்வார். இன்னொருவர் 320-ல் இருப்பார். ஒருவர் படித்ததால் மற்றவருக்குக் குறையாது. கண்மாய்த் தண்ணீர் அப்படி இல்லை; மேல் மடைக்காரர் பாய்ச்சினால் கீழ் மடைக்காரருக்குக் குறையும். ஆனால் ஒரு விஷயத்தில் இது கண்மாயேதான். நம் கரிசல் சீமையில் ஐப்பசி, கார்த்திகையில் மழை மொத்தமாகக் கொட்டும். கண்மாய் அதைத் தேக்கி, மெதுவாக விடும். அதேபோலத் திடீரென்று செய்திகள் குவிந்தாலும் பதிவேடு வாங்கி வைத்துக்கொள்ளும். வாசிக்கிறவர் தன் வேகத்துக்கு வாசிக்கலாம். மாற்றாவிட்டால் 7 நாள் வரை பதிவுகளை வைத்திருப்பது காஃப்காவின் வழக்கமான அமைப்பு.

மூன்றாவது: ஒரே புத்தகத்தில் எல்லாரும் எழுதினால் நெரிசல். அதனால் புத்தகத்தைப் பல பாகங்களாகப் பிரித்துப் பல கம்ப்யூட்டர்களில் வைக்கிறார்கள். பேரேட்டை நாம் கணக்கு எண் வாரியாகப் பிரித்துக் கவுன்டர்களுக்குக் கொடுத்தது மாதிரி. ஒரு பாகத்துக்குள் வரிசை மாறாது. ஒரு பாகத்துக்கும் இன்னொரு பாகத்துக்கும் இடையே முன்பின் ஆகலாம்.

நான்காவது: ஒவ்வொரு பாகத்துக்கும் நகல் உண்டு. பெரும்பாலும் மூன்று பிரதிகள், தனித்தனி இயந்திரங்களில். ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்று பொறுப்பேற்கும்.

நம் நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் ஹாட்ஸ்டார். 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் நியூசிலாந்திடம் நாம் தோற்றோமே, தோனி ரன் அவுட் ஆனாரே, அந்த ஆட்டத்தை ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் ஹாட்ஸ்டாரில் பார்த்தார்கள். பார்ப்பவர்கள் அனுப்பிய சிரிப்பு, அழுகைப் பொம்மைகளை எல்லாம் வாங்கி எண்ணித் திரையில் காட்டுவதற்கு ஹாட்ஸ்டார் வைத்திருந்த ஏற்பாட்டில் காஃப்காவும் ஒன்று. ஒரு விக்கெட் விழுந்ததும் வந்து குவியும் செய்திகளை அந்தக் கண்மாய்தான் தாங்கியது.

சரி, இதனால் நமக்கு என்ன? நான்கு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று. உங்கள் இருப்பு வங்கியின் மூலக் கணக்கில் இருக்கிறது. அங்கே பதிவானதும் அந்தச் சேதி பொதுப் பதிவேட்டில் ஏறும். குறுஞ்செய்தி அனுப்பும் பிரிவு, மோசடி கண்காணிக்கும் பிரிவு, சலுகைப் புள்ளி போடும் பிரிவு எல்லாம் அதை வாசிக்கும். பல பெரிய நிறுவனங்களின் ஏற்பாடு இதுதான். குறுஞ்செய்திப் பிரிவு பின்தங்கினால் செய்தி தாமதமாக வரும். செய்தி வரவில்லை என்பதற்காகப் பணம் போகவில்லை என்று நினைத்து இரண்டாவது முறை அனுப்பாதீர்கள். முதலில் இருப்பைப் பாருங்கள்.

இரண்டு. சில நேரம் ஒரே பற்றுக்கு இரண்டு செய்தி வரும். வாசிக்கிற இயந்திரம் ஒரு வரியைப் படித்துச் செய்தியை அனுப்பிவிட்டு, அடையாளச் சீட்டை நகர்த்துவதற்குள் நின்றுபோனால், மறுபடி கிளம்பும்போது அதே வரியை மீண்டும் படிக்கும். பதற வேண்டாம். செய்தியில் உள்ள 12 இலக்க யு.பி.ஐ. எண்ணைப் பாருங்கள். இரண்டிலும் அதே எண் என்றால் ஒரே பரிவர்த்தனைதான். எண் வேறு என்றால் வங்கியில் கேளுங்கள்.

மூன்று. இதுதான் முக்கியம். குறுஞ்செய்தி என்பது கணக்குப் புத்தகம் இல்லை. புத்தகத்தைப் பார்த்து யாரோ எழுதிய துண்டுச் சீட்டு. புத்தகத்தையே பார்க்காதவனும் அப்படி ஒரு சீட்டு எழுதலாம். "ஐயா, தவறிப்போய் உங்களுக்கு 5,000 ரூபாய் போட்டுட்டேன், ஆஸ்பத்திரிச் செலவு, திருப்பி அனுப்புங்க" என்று அழுகிற குரலில் போன் வரும். வரவு வந்ததாகச் செய்தியும் வரும். கணக்கில் ஒரு காசும் ஏறியிருக்காது. கடை வைத்திருப்பவர்களும் வாடிக்கையாளர் காட்டும் செல்போன் திரையை நம்ப வேண்டாம். உங்கள் கணக்கில் வரவு ஏறியதா என்று பாருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே 1930-க்கு அழையுங்கள். பணம் உடனுக்குடன் கணக்கு மாறிப் போகிற காலம் இது. அது இன்னொரு கணக்குக்குத் தாவும் முன்பு சொன்னால்தான் நிறுத்தி வைக்க வழி உண்டு.

நான்கு. நீங்கள் அனுப்பிய பணம் உங்கள் கணக்கில் பற்றாகி, அடுத்தவருக்கு வரவாகாமல் நின்றால், பதிவை அழிக்க முடியாது. எதிர்ப்பதிவுதான் வர வேண்டும். அதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கையில் கெடு வைத்திருக்கிறது. தனிநபருக்கு அனுப்பியது என்றால் அடுத்த நாளுக்குள், கடைக்குச் செலுத்தியது என்றால் 5 நாளுக்குள் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது சலுகை இல்லை, உரிமை.

காசோலையும் இந்த வழிக்கு வந்துவிட்டது. மொத்தமாகச் சேர்த்துத் தீர்க்கும் முறை போய், 2025 அக்டோபர் 4 முதல் வர வரத் தொடர்ச்சியாக அனுப்புகிறார்கள். வெளியூர்க் காசோலையைத் தபாலில் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த தீப்பெட்டி வியாபாரிகள் இங்கே இருக்கிறீர்கள். அதன் அருமை உங்களுக்குத் தெரியும். ஆனால் காசோலை கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: "நாளைக்குத்தானே பணமாகும், காலையில் கட்டிக்கொள்ளலாம்" என்ற பழைய கணக்கு இனி செல்லாது. எழுதும்போதே கணக்கில் பணம் இருக்க வேண்டும்.

வேகம் கூடியிருக்கிறது, கணக்கு எழுதும் ஒழுங்கு மாறவில்லை. வாரம் ஒரு முறையாவது உங்கள் கணக்கு விவரத்தைத் திறந்து, வரி வரியாகப் பாருங்கள். பார்க்கத் தெரியாத பெரியவர்கள் யாராக இருந்தாலும் ஞாயிறு காலையில் பாஸ் புத்தகத்தோடு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து டேலி பண்ணுவோம். ரகசிய எண்ணை மட்டும் என்னிடம்கூடச் சொல்ல வேண்டாம்.