பேரப்பிள்ளையின் பாதச் சிகிச்சையைப் பாதியில் விடாதீர்கள்



மருத்துவர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வது என் வேலை. இன்று நாம் பேசப்போவது, பிறக்கும்போதே உள்பக்கம் திரும்பியிருக்கும் பாதத்தைப் பற்றி. இதை ‘கிளப்ஃபுட்’ என்பார்கள். ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருக்கும்.

கிரகணத்தன்று தாய் வெளியே போனதால் இது வருவதில்லை. மருமகளைக் குறை சொல்லாதீர்கள். எண்ணெய் தேய்த்து நீவினாலும் சரியாகாது. சிகிச்சை வேண்டும்.

அமெரிக்காவில் பணியாற்றிய டாக்டர் பொன்செட்டி உருவாக்கிய முறையே இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. வாரம் ஒருமுறை பாதத்தை மெல்லத் திருப்பி மாவுக்கட்டுப் போடுவார்கள். பெரும்பாலும் 5 முதல் 7 கட்டுகள். பல குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாரில் சிறு வெட்டும், அதன்பின் 3 வாரக் கட்டும் தேவைப்படும். பிறகு, கம்பியால் இணைத்த காலணிகள். முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம் அணிய வேண்டும். அதன்பின் தூங்கும்போது மட்டும், 4 அல்லது 5 வயது வரை.

பல குடும்பங்கள் தடுமாறுவது இந்தக் காலணிக் கட்டத்தில்தான். பாதம் நேராகிவிட்டதே, இனி எதற்கு என்று தோன்றும். பிள்ளை அழும், மனம் கேட்காமல் கழற்றிவிடுவோம். தாயின் 16 வாரப் பேறுகால விடுப்பும் அப்போதுதான் முடியும். பிள்ளை உங்கள் கைக்கோ பணிப்பெண் கைக்கோ வரும். காலணியைக் கழற்றிவிட்டால் பாதம் மீண்டும் வளையக்கூடும். மறுபடி மாவுக்கட்டு, சில வேளை அறுவை சிகிச்சை.

நீங்கள் செய்யக்கூடியவை:

• காலணி மாட்டும் முறையைப் பணிப்பெண்ணும் நீங்களும் மருத்துவமனையிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.
• கழற்றும் அந்த ஒரு மணி நேரத்தில் குளிப்பாட்டுங்கள். தோலில் புண், கொப்புளம் உண்டா என்று பாருங்கள். இருந்தால் மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.
• முதல் சில நாள் அழுகை இயல்பு. இரு கால்களையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டுங்கள், பிள்ளை பழகிவிடும்.
• மாவுக்கட்டு நனையக் கூடாது. கால்விரல்கள் நீலமாகவோ வெளிறியோ சில்லென்றோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

புக்கிட் தீமா சாலையில் உள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனை லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. செலவு கவலையாக இருந்தால், வருகையை நிறுத்திவிடாமல் மருத்துவச் சமூக ஊழியரிடம் பேசுங்கள். புரியாததைத் தயங்காமல் கேளுங்கள்.

இன்றிரவு பேரப்பிள்ளை அழுதாலும், காலணி காலிலேயே இருக்கட்டும்.