கடற்கரை காலி இடமா?

சங்கரன்கோவிலில் கடல் இல்லைதான். ஆனால் நம் வீட்டுக் குழம்புக்கு வரும் கருவாடு ஏதோ ஒரு கரை மணலில் காய்ந்து வந்தது. அந்த மணலுக்குப் பட்டா கிடையாது. யார் அங்கே வலை உலர்த்துகிறார்கள், எந்தப் பெண்கள் மீன் காயப்போடுகிறார்கள், வள்ளம் எங்கே ஏறுகிறது என்று நேரில் கேட்டுக் குறிக்காவிட்டால், வரைபடத்தில் அது வெறும் காலி இடம். காலி இடத்தில் கட்டடம் முளைக்க எவ்வளவு நேரம்!

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் 2010, 2016 கணக்கெடுப்புகள் மீனவக் குடும்பங்களையும் படகுகளையும் எண்ணின. மணலின் பயன் வேறு கணக்கு. 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீன் உலர்த்தும் களங்களையும் மீனவர் பொது இடங்களையும் திட்ட வரைபடத்தில் காட்டச் சொன்னது. நம் மொட்டைமாடி தனியாக யார் பேரிலும் இல்லை. பத்திரத்தில் பொது என்று இருக்கிறதல்லவா? அவர்களுக்கு அந்த வரைபடம்தான் பத்திரம். திருச்செந்தூர் போனால், பக்கத்திலேயே அமலிநகர் கரையைக் காலையில் ஒரு தரம் பாருங்கள்.