யார் ரத்தம் யாருக்குச் சேரும்?



நம் தாராவி வகுப்புக்கு வரும் ஒரு அக்கா போன மாதம் என்னிடம் கேட்டார். "தம்பி, அவருக்கு ஆபரேஷன். ரத்தம் வேணுமாம். நம்ம ஜனம் கொடுத்தாத்தானே சேரும்?"

சொந்தத்தில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் ரத்தமும் சேரவில்லை. பக்கத்து வீட்டு மராட்டிக்காரர் ரத்தம் சேர்ந்தது.

ரத்தத்தில் ஏ, பி, ஏபி, ஓ என்று நான்கு வகை உண்டு. தாய் தகப்பனிடமிருந்து வருவதுதான். ஆனாலும் நான் பி, என் தம்பி ஓ. ஒரே வயிற்றுப் பிள்ளைகள்!

எந்த வகை எத்தனை பேருக்கு என்பது ஜனத்துக்கு ஜனம் மாறும். தமிழ்நாட்டில் ஓ அதிகம். வடக்கே பல இடங்களில் பி அதிகம். தென் அமெரிக்காவில் பல பழங்குடிகளில் கிட்டத்தட்ட எல்லாருமே ஓ.

நம் மும்பையின் பெயரிலேயே ஒரு வகை இருக்கிறது. பம்பாய் குரூப். 1952-ல் டாக்டர் பெண்டேயும் அவரோடு வேலை செய்தவர்களும் இங்கேதான் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு உண்டு. ஐரோப்பாவில் 10 லட்சத்தில் ஒருவருக்குத்தான்.

சாதாரண சோதனையில் இது ஓ என்றே தெரியும். அங்கேதான் ஆபத்து. ஓ ரத்தத்தில் 'எச்' என்று ஒரு பொருள் இருக்கிறது. பம்பாய் குரூப்பில் அது இல்லை. ஓ ரத்தத்தை ஏற்றினால் உடம்பு அதை எதிர்க்கும். உயிரே போகலாம். இன்னொரு பம்பாய் குரூப்காரர்தான் ரத்தம் கொடுக்க முடியும். இதற்குக் கூடப்பிறந்தவர்களைச் சோதிப்பார்கள்.

தாய், தகப்பன் இரண்டு பக்கமும் இந்தக் குறை இருந்தால்தான் பிள்ளைக்கு வரும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டினால் வாய்ப்பு கூடும். நம்மில் எத்தனை பேர் அப்படி! என் அம்மா அப்பாவும் அப்படித்தான்.

ரத்த வங்கியில் 'கிராஸ் மேட்ச்' என்பார்கள். கொடுப்பவர் ரத்தத்தையும் வாங்குபவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பது. நேரமாகும். அதற்காகச் சண்டை போடாதீர்கள். ஓ என்று தப்பாக எழுதியிருந்தாலும் அதில்தான் பிடிபடும்.

ரத்த வகை எழுதிய சீட்டு வீட்டில் இருந்தால் நாளைக்கு எடுத்து வாருங்கள். அதில் இங்கிலீஷ் எழுத்துதான் இருக்கும். பலகையில் எழுதிக் காட்டுகிறேன். நாமே படிக்கலாம்.