ஊர் சொன்னால் யார் கேட்பது?



ஏகனாபுரத்தைச் சொல்லாமல், ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தியின் இந்த மேடையில் வேறு எதையும் தொடங்க முடியாது. காஞ்சிபுரம் மாவட்டம், பரந்தூருக்குப் பக்கத்து ஊர். நெல் விளைகிற மண். சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் வரும் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். முதலில் சொன்ன கணக்கே 13 கிராமங்கள். இன்று நிலம் 5,000 ஏக்கரைத் தாண்டிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கம்பன் கால்வாயும் அந்த வரைபடத்துக்குள்தான் ஓடுகிறது. ஏகனாபுரத்துக்கு வீடும் போகும், வயலும் போகும், ஏரியும் போகும்.

அந்த ஊர் என்ன செய்தது? அதே மாதம் 15-ஆம் தேதி கிராம சபையில் உட்கார்ந்தது. வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அடுத்த சபையிலும் போட்டது. அதற்கடுத்த சபையிலும் போட்டது. பத்துத் தடவைக்கு மேல் போட்டாகிவிட்டது! பகலில் வயல் வேலை, சாயங்காலம் போராட்டம். 1,000 நாள் தாண்டியும் நிறுத்தவில்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குச்சாவடி திறந்திருந்தது. ஏகனாபுரத்தில் விழுந்த ஓட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இதற்குமேல் ஓர் ஊர் எப்படித்தான் சொல்ல வேண்டும்? அப்படியும் 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு விமான நிலையத்துக்குக் கொள்கை அளவிலான ஒப்புதலைக் கொடுத்தது. சில மாதங்களில் நிலப் பதிவும் தொடங்கிவிட்டது.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நெரிசல் இருப்பது உண்மை. சென்னைக்கு இன்னொரு விமான நிலையம் தேவை என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. ஆனால் பன்னூர், படாளம், திருப்போரூர் என்று மற்ற இடங்களையும் பார்த்துவிட்டுத்தான் பரந்தூரைப் பிடித்தார்கள். அத்தனை இடத்தையும் அளந்தவர்களுக்கு, அங்கே குடியிருக்கிறவர்களின் சம்மதத்தைக் கேட்க மட்டும் நேரமில்லை.

இதைப் பேசினால் “வளர்ச்சிக்கு விரோதிகள், யாரோ தூண்டிவிடுகிறார்கள்” என்று சிலர் மேடைக்கு மேடை பேசுகிறார்கள். பெயர் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். 2018-இல் சென்னை – சேலம் எட்டுவழிச் சாலைக்குக் கல் நட்டபோது திருவண்ணாமலை மாவட்டத்து விவசாயிகள் எப்படிக் கதறினார்கள் என்பது இந்த மலையடிவாரத்துக்கு மறக்குமா? அன்றைக்கு விவசாயியின் கண்ணீருக்காகக் குரல் கொடுத்தவர்கள் யார், பின்னாளில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள்? செங்கத்து விவசாயியின் கண்ணீர் கண்ணீர், ஏகனாபுரத்து விவசாயியின் கண்ணீர் தூண்டுதலா? பதில் சொல்ல வேண்டும், ஐயா!

சட்டம் எப்படி வளைந்திருக்கிறது என்று பாருங்கள். 2013-ஆம் ஆண்டின் மத்திய நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு உண்டு. தனியார் திட்டமென்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டமென்றால் 70 சதவீதம் சம்மதிக்க வேண்டும். பரந்தூரில் கையில் எடுத்ததோ தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுத் தொழில் நோக்கச் சட்டம். அதில் அந்தச் சம்மதத்துக்கு இடமே இல்லை.

அரிட்டாபட்டிக்கு வாருங்கள். மதுரை மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலம். 2024 நவம்பர் 23 அன்று அந்த வட்டாரத்துக் கிராம சபைகள் வேண்டாம் என்றன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமே தீர்மானம் போட்டது. நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு மக்கள் நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மூன்றே நாளில், ஜனவரி 26 அன்று, அப்போதைய முதலமைச்சர் அரிட்டாபட்டிக்கே போய் மக்களின் பாராட்டை ஏற்றுக்கொண்டார். நல்ல காரியம், கைதட்டுங்கள்! கைதட்டிவிட்டு ஒன்றைக் கேளுங்கள். ஜனவரி 26 கிராம சபை நாளும்தானே? மேலூர்த் தீர்மானத்துக்கு இருந்த மரியாதை ஏகனாபுரத் தீர்மானத்துக்கு ஏன் இல்லை? ஒன்றில் கையெழுத்து டெல்லியுடையது, இன்னொன்றில் கையெழுத்து கோட்டையுடையது. வேறு என்ன வித்தியாசம்?

ஊர்க்காரர் ஒருவர் விடாமல் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். லண்டன் ஓரத்தில் ரிச்மண்ட் பூங்கா. அமிர்தியைப் போல மான் உலவும் காடு, ஆனால் 2,000 ஏக்கருக்கு மேல். சார்லஸ் என்ற ராஜா 1637-இல் சுற்றிலும் சுவர் எழுப்பினார். நூறு வருஷம் கழித்து, பூங்காவைப் பார்த்துக்கொண்ட இளவரசி ஊர்க்காரர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார். அந்த ஊரில் பீர் வடிக்கிற ஒரு வியாபாரி. பட்டம் பதவி எதுவும் இல்லாத மனிதர். அரச குடும்பத்தை எதிர்த்து நீதிமன்றம் போய் 1758-இல் ஜெயித்தார்! கதவு வேண்டுமா, சுவரேறும் படி வேண்டுமா என்று கேட்டபோது படி போதும் என்றாராம். கதவைப் பூட்டிவிடலாம், படியைப் பூட்ட முடியாது. படியை வேண்டுமென்றே எட்டி எட்டி வைத்தார்கள். கிழவிகளும் பிள்ளைகளும் ஏற முடியவில்லை என்று மறுபடி நீதிமன்றம் போனார். படிகளை நெருக்கி வைக்க வைத்தார்.

அவர் வாழ்ந்த அதே ரிச்மண்டின் உள்ளாட்சி மன்றம்தான் பின்னாளில் ஹீத்ரோ விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதையை எதிர்த்து நீதிமன்றம் போனது. அதே பூங்காவில் கார் நிறுத்தக் கட்டணம் போட வந்தபோது அதையும் எதிர்த்தது. அந்தக் கட்டண யோசனை 2010-இல் கைவிடப்பட்டது. ஒரு நகர மன்றம் வானத்துக்கும் வாகன நிறுத்தத்துக்கும் சேர்த்து வாய் திறந்தது.

அமிர்தியில் வாய் திறப்பது யார்? இந்த வன உயிரினப் பூங்கா 1967-லிருந்து இருக்கிறது. வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக வண்டி வருகிறது. நுழைவுக்கு எவ்வளவு, வண்டி நிறுத்த எவ்வளவு என்று தீர்மானிப்பது வனத்துறை. நெரிசலும் குப்பையும் ஊருக்கு, கட்டணம் பற்றிய பேச்சு மட்டும் ஊருக்கு வெளியே. புளியும் சாமையும் சுமந்து வருகிற மலைக்காரரும், பேரப்பிள்ளைக்கு மான் காட்ட வருகிற ஏழைப் பாட்டியும் அந்த வாசலில் என்ன கொடுக்கலாம் என்று கிராம சபையைக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

மலைவாழ் மக்களுக்கு இது இன்னும் வலிக்கிற விஷயம். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதியே கிடையாது. அதனால் பழங்குடிக் கிராம சபைக்குத் தனி அதிகாரம் தரும் 1996 சட்டம் ஜவ்வாது மலைக்கு வராது. 2006 வன உரிமைச் சட்டம் வரும். அதுவும் நீதிமன்றத் தடையால் 2016 வரை பட்டா தராமல் கிடந்தது. ஒடிசாவின் நியம்கிரியில் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் 2013-இல் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. அந்த மலையின் டோங்ரியா கோந்துப் பழங்குடி மக்களும் பீர் வடித்த அந்த மனிதரும் ஒரே சாதி: ஊருக்காக நின்ற சாதி!

ஆகவே வேண்டுகோள் இரண்டுதான். ஆண்டுக்கு ஆறு கிராம சபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து எது வருகிறதோ அதற்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள், பெண்கள் கட்டாயம் வாருங்கள். பூங்காவின் வண்டிக் கட்டணத்தை ஊரோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும் என்று ஒரு தீர்மானம். ஏகனாபுரத்தின் தீர்மானத்தை அரசு மதிக்க வேண்டும் என்று இன்னொரு தீர்மானம். பதிவேட்டில் எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், நகல் கேட்டு வாங்குங்கள். நகல் கையில் வராமல் யாரும் எழுந்து போகாதீர்கள்.