கோப்பியை அழித்த நுண்ணுயிர்



தேயிலைக்கு முன் நம் மலைகளிலே கோப்பியே வளர்ந்தது. 1869இல், நமது பதுளைப் பகுதி மடுல்சீமையிலே, கோப்பி இலையின் அடியிற் செம்மஞ்சள் தூள் படிந்தது. பேராதனைப் பூங்காப் பணிப்பாளர் துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பேர்க்கிலி என்ற பாதிரியார் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தார். அது பற்றீரியா அன்று, பங்கசு. ஆனால் அதன் வித்தியின் ஒருபுறம் முள்ளாகவும் மறுபுறம் வழுவழுப்பாகவும் இருந்தது. அறிந்த சாதி எதிலும் அது அடங்காமையால், 'ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ்' எனப் புதுப்பெயர் சூட்டினார். முதற்சொல் 'பாதி வழுவழுப்பு', அடுத்தது 'பாழாக்குபவள்'. பொருத்தமான பெயர்தான்!

பெயர் கிடைத்தது; வாழும் வகை விளங்கவில்லை. 1880இல் இங்கு வந்த மார்சல் வார்ட், அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர், வித்தி காற்றிற் பரவி, நீர்த்துளியில் முளைத்து, இலைவாய் வழியே உட்புகுவதைக் காட்டினார். அதற்குள் காலங் கடந்துவிட்டது. தோட்டங்கள் பாழாயின, வேலையிழந்த நம்மவர் பலர் இந்தியா திரும்பினர்.

1946இல் தேயிலையிலே கொப்புள நோய் கண்டது. அதுவும் பங்கசே, ஆனால் அசாமில் ஏற்கெனவே இனங்காணப்பட்டது. ஆகவே செப்பு மருந்து தெளித்தார்கள். தேயிலை பிழைத்தது. அம்மருந்து தெளித்த கைகள் இச்சபையிலும் இருக்கக்கூடும்.